‘எப்பவுமே இப்படித்தான்’ என்று எழுதாதீர்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 16 வருஷமாக இதே வேலை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனாலும் எங்கள் முதலாளிக்கு நாள்வழி நோட்டைக் கையால் எழுதினால்தான் மனசு ஆறும். அதனால் இரண்டிலும் எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இந்த மடல் முழுக்க ஒரு நோட்டைப் பற்றியது.

என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நான் சொல்ல வருவது அவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது நடந்தது. அந்த வருஷம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவளுடைய பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஏழு குறிப்புகள் வந்தன. ஏழும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: “கோபப்படுகிறாள். சொன்ன பேச்சு கேட்பதில்லை. பெற்றோர் வந்து பார்க்கவும்.” ஏழு தடவையும் மண்டியில் அரை நாள் சொல்லிவிட்டுப் போனேன். ஆசிரியர் அறை வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேச்சு. “எப்பவுமே இப்படித்தாம்மா.” “பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாதும்மா.” “வீட்ல ரொம்பச் செல்லமோ?”

வீட்டில் என்ன நிலைமை என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. 7.15-க்கு வேன் வந்துவிடும். இரட்டைச் சடை போட்டுக்கொண்டிருக்கிறேன். வலது பக்கம் ஒரு முடி சீப்பில் இழுத்துவிட்டது. “ஆ” என்றாள். சரி, மெதுவாகப் போடுகிறேன் என்றேன். அதற்குள் ரிப்பனைப் பிடுங்கி எறிந்தாள். முடிந்திருந்த இடது சடையையும் பிரித்துப் போட்டாள். தட்டில் இருந்த இட்லி சுவரில் போய் விழுந்தது. பிறகு அழுகை, கத்தல், கதவை உதைப்பது. நாற்பது நிமிஷம். வேன் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, ஒன்றுமே நடக்காத குரலில், “அம்மா, தண்ணி” என்றாள்.

இந்த மாதிரி நாள் வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும். ஆனால் என்னை வாட்டியது அது இல்லை. மற்ற நாட்களும் நன்றாக இல்லை என்பதுதான். முன்பெல்லாம் கோபப்பட்டால் பத்து நிமிஷத்தில் சிரித்துவிடுவாள். அந்த வருஷம் அந்தச் சிரிப்பைக் காணோம். இட்லி சூடாக இருந்தாலும் சிடுசிடு, ஆறிப்போயிருந்தாலும் சிடுசிடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து கூப்பிட்டால் “போகல” என்று கதவைச் சாத்துவாள்.

என் மாமியார் திருஷ்டி கழித்தார்கள். சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார்கள். பிறகு குணசீலத்துக்கும் கூட்டிப் போனார்கள். புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுவந்து 48 நாள் தங்க வைத்துக் கும்பிடும் கோயில் அது, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை. பேத்தியை வெறுத்து ஒதுக்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போன ஒரே ஆள் அன்றைக்கு அவர்கள்தான். நானோ தோசைக்கரண்டியால் அடித்திருக்கிறேன். பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது, மனம் நோகும்படி நடத்தக் கூடாது என்று 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் சொல்கிறது. வீட்டுக்குள் அப்படி ஒரு பிரிவு இல்லாதது அப்போது எனக்கு வசதியாக இருந்தது. ஆகவே இது ஆசிரியர்களைக் குறை சொல்ல ஒரு யோக்கியமான அம்மா எழுதுகிற மடல் இல்லை.

முதலில் பார்த்தது குழந்தை டாக்டரை. அவர் கோபத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்து தூங்குகிறாளா, எத்தனை மணிக்குப் படுக்கிறாள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறாளா, வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து ராத்திரி மூச்சு தடைபடும் பிள்ளை பகலெல்லாம் சிடுசிடுவென்று இருக்கும். தைராய்டு கோளாறிலும் மனநிலை மாறும். வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஒரு வகை மாத்திரையும் சில பிள்ளைகளுக்கு எரிச்சலைக் கொண்டுவரும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் சீரியல் முடிந்து படுக்கப் பத்தரை, எழுப்புவது ஐந்தரை. கணக்கு எழுதுகிறவள் நான், இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9.6. அந்த வயதுக்கு 11.5-க்குக் கீழே போனாலே சோகை. மூன்று மாதம் இரும்புச்சத்து சிரப், பூச்சி மாத்திரை, சாப்பாட்டோடு டீ நிறுத்தம், ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பது. முகம் தெளிந்தது. மாலையில் சோர்ந்து விழுவது நின்றது. கோபம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. “பாதிக் கணக்குதான் நேர் ஆகியிருக்கு” என்று நான் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மனநலப் பிரிவு என்றதும் எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. “நாளைக்கு யார் கட்டிக்குவா” என்றுகூடக் கேள்வி வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு! இத்தனைக்கும் தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் வந்த ஊர்களில் திருச்சிதான் முதல், 1997 வாக்கிலேயே. கால் நூற்றாண்டாக ஊருக்குள்ளேயே இருக்கும் ஒன்றை நாங்கள் ஏதோ பாவம் செய்தவர்கள் போகிற இடமாக நினைத்திருக்கிறோம்.

அங்கே பார்த்த டாக்டரம்மா கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதுவதே இவற்றால்தான்.

வாரத்துக்கு எத்தனை தரம் இப்படி வெடிக்கிறாள்? ஒவ்வொரு தரமும் எவ்வளவு நேரம்? எத்தனை மாதமாக? அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? முடிந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? இரண்டு வெடிப்புகளுக்கு நடுவில் எப்படி இருக்கிறாள், சாதாரணமாகவா, எரிச்சலாகவா, சோகமாகவா? வீட்டில் மட்டுமா, பள்ளியிலுமா? தூக்கமே இல்லாமல் சில நாட்கள் தொடர்ந்து தலைகால் தெரியாத உற்சாகத்தோடு, பெரிய பெரிய பேச்சாகப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாளா? வீட்டில் சாவு, சண்டை, இடமாற்றம் ஏதாவது உண்டா? இதையெல்லாம் கேட்டுவிட்டு என்னை வெளியே அனுப்பினார். யாராவது தொடுகிறார்களா, மிரட்டுகிறார்களா என்று அவளிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்.

வீட்டுக் கேள்விகளுக்கு ஓரளவு பதில் சொன்னேன். பள்ளி என்றதும் வாயடைத்துப் போனேன். பையில் டைரி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஏழு சிவப்புக் குறிப்புகளையும் படித்துவிட்டு, “இதுல ஒரு மணி கூட இல்லையேம்மா” என்றார்.

அவர் நேரத்தைத்தான் சொன்னார். நான் அந்த ஏழையும் மறுபடி படித்தேன். தேதி இருந்தது. கையெழுத்து இருந்தது. என்ன பாடவேளை, அதற்கு முன் என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆனது, எதுவுமே இல்லை. எங்கள் மண்டியில் ஒருத்தர் “இந்தப் பார்ட்டி எப்பவுமே பாக்கி வைப்பான்” என்று வாயால் சொன்னால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். எந்தத் தேதி, என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எவ்வளவு பாக்கி என்று நோட்டில் காட்டச் சொல்வார். சரக்குக்கு இருக்கிற இந்த மரியாதை என் மகளுக்கு அதுவரை கிடைக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் வகுப்பாசிரியர் மகப்பேறு விடுப்பில் போக, தற்காலிகமாக ஒரு டீச்சர் வந்திருந்தார்கள். 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கி, எங்கள் பேரேட்டில் போடுவது போலக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து பத்தி. மணி. அதற்கு முன்னால் என்ன நடந்தது. என்ன செய்தாள், எவ்வளவு நேரம். அப்புறம் என்ன ஆனது. அன்றைக்கு மற்ற நேரத்தில் எப்படி இருந்தாள். அவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு வரி எழுதினால் போதுமில்ல?” என்று மட்டும் கேட்டார்கள்.

ஆறு வாரம். 14 பதிவுகள். ‘எப்பவுமே’ என்று நான் கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போன ஒன்று, எண்ணிப் பார்த்தால் 14. வாரத்துக்குச் சராசரியாக இரண்டு சொச்சம்.

அந்த 14-இல் 9, பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். தமிழ் அல்லது ஆங்கிலப் பாடவேளை. ‘முன்னால் என்ன’ என்ற பத்தியில் டீச்சர் ஒன்பது தரமும் எழுதியிருந்தது இதுதான்: “வரிசையாக வாசிக்கச் சொன்னேன்.” ஆளுக்கு ஒரு பத்தி எழுந்து நின்று சத்தமாக வாசிப்பார்களே, அது. என் மகள் மூன்றாவது வரிசையில் இரண்டாவது ஆள். தன் முறைக்கு இன்னும் எத்தனை பத்தி என்று விரல்விட்டு எண்ணுவாளாம். எண்ணிக்கை நெருங்க நெருங்க, பக்கத்தில் இருப்பவளின் பென்சில் பெட்டியைத் தட்டிவிடுவது, தன் புத்தகத்தைக் கிழிப்பது, “முடியாது” என்று கத்துவது.

நோட்டின் நான்காவது பத்திதான் என்னை உலுக்கிவிட்டது. ‘அப்புறம் என்ன ஆனது.’ முதல் மூன்று வாரமும் ஒரே பதில்: “வெளியே நிற்க வைத்தேன்.” “வெளியே நிற்க வைத்தேன்.” “வெளியே நிற்க வைத்தேன்.” நாலாவது வாரத்தில் டீச்சரே ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: “வெளியே போனதும் அமைதியாகிவிடுகிறாள். வாசிக்க வேண்டியதில்லை என்பதாலா?” பிறகு என்னிடம் நேரில், “நான் தண்டனைன்னு நினைச்சேன். அவளுக்கு அது தப்பிக்கிற வழி ஆயிடுச்சும்மா” என்றார்கள். அந்த டீச்சருக்கு மனநலப் பயிற்சி எதுவும் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது, அவ்வளவுதான்.

இதே கணக்கு வீட்டிலும் ஓடியிருக்கிறது. அழுகையை நிறுத்தப் போனைக் கையில் கொடுப்பது என் வழக்கம். எது அழுகைக்கு முன்னால், எது பின்னால் என்று நான் எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசிப் பத்தி இன்னும் முக்கியம் என்று டாக்டரம்மா சொன்னார். ‘மற்ற நேரத்தில் எப்படி.’ அதில் இருந்தது: “விளையாட்டுப் பாடவேளையில் வேப்ப மரத்தடியில் தனியாக.” “மதியச் சாப்பாடு பாதி மிச்சம்.” “தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தாள், காய்ச்சல் இல்லை.” “யாரோடும் பேசவில்லை.” இந்த வரிகள் எதுவும் சிவப்பு மையில் டைரிக்கு வந்ததே இல்லை. தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை அல்லவா?

உளவியலாளர் மூன்று நாள் சோதித்துப் பார்த்தார். வாசிப்பதில் அவளுக்குக் குறைபாடு இருந்தது, டிஸ்லெக்ஸியா. கூடவே மனச்சோர்வு. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிள்ளைகளிடம் அது சோகமாக வெளியே தெரியாமல் எரிச்சலாக, சிடுசிடுப்பாகத் தெரியலாம் என்று டாக்டர்கள் நோயை வகைப்படுத்தும் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். வாசிக்க முடியாத அவமானத்தில் சோர்வு வந்ததா, சோர்வும் சோகையும் சேர்ந்து வாசிப்பை இன்னும் கெடுத்ததா என்று கேட்டேன். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம், முதலில் எது என்று தெரிந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை என்றார்.

அதற்கு முன்னால், அரைகுறையாக இன்டர்நெட்டில் தேடி, இது பைபோலார்தான், இருமுனைக் கோளாறுதான் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மனநிலை மாறி மாறி வந்தால் அதுதான் என்று அங்கே போட்டிருந்தது. இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது ஒரு விஷயம் சொன்னார். அமெரிக்காவில் 1994-க்கும் 2003-க்கும் இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகளுக்கும் வளரிளம் வயதினருக்கும் பைபோலார் என்று சீட்டு எழுதுவது சுமார் 40 மடங்கு கூடிப்போனதாம். அத்தனை பிள்ளைகளுக்கு ஒரேயடியாக நோய் வந்துவிடவில்லை. ஓயாமல் எரிச்சலாக இருந்து, அடிக்கடி வெடிக்கும் பிள்ளைகளை எல்லாம் அந்தப் பெயருக்குள் தள்ளியதும் அதற்கு ஒரு காரணம். பின்னால் அவர்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள், பெரியவர்களான பிறகு அவர்களுக்குப் பைபோலாரைவிட மனச்சோர்வும் பதற்றமும்தான் அதிகம் வந்தது என்று கண்டார்கள். அதனால் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் வகைப்பாட்டில், ஓயாத எரிச்சலும் அடிக்கடி வெடிப்பும் உள்ள இந்தப் பிள்ளைகளுக்கென்று டிஎம்டிடி என்று புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அப்படித் தனிப் பெயர் வைக்காமல் வேறு விதமாக வகைப்படுத்தியிருக்கிறது. டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

பெயர் எதுவானாலும் எனக்கு அதில் பிடித்தது அதன் கணக்கு. டிஎம்டிடி என்று சொல்ல வேண்டுமானால், வெடிப்பு வாரத்துக்குச் சராசரி மூன்று அல்லது அதற்கு மேல். பன்னிரண்டு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். நடுவில் மூன்று மாதம் சேர்ந்தாற்போல் நன்றாக இருந்திருக்கக் கூடாது. வெடிப்புகளுக்கு நடுவிலும் பெரும்பாலான நாள், நாளின் பெரும்பகுதி எரிச்சல். வீடு, பள்ளி, நண்பர்கள் என்று குறைந்தது இரண்டு இடத்தில். பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு வயதுக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. பைபோலார் வேறு. அதில் மனநிலை அலையாக வரும். சில நாட்கள் தொடர்ந்து, அந்தப் பிள்ளையின் வழக்கத்துக்கே மாறான துள்ளல், தூக்கம் தேவைப்படாத நிலை. என் மகளுக்கு இரண்டும் பொருந்தவில்லை என்று தெரிந்ததே அந்த நோட்டால்தான். இப்போது நீங்களே பாருங்கள்: எத்தனை தரம், எத்தனை மாதம், நடுவில் எப்படி, எத்தனை இடத்தில். பள்ளி நாட்களில் பிள்ளை கண்விழித்திருக்கும் நேரத்தில் பாதி உங்கள் கண்முன்னால்தான். அந்தப் பாதிக் கணக்கு உங்களிடம் மட்டுமே இருக்கிறது. அது வராமல் எந்த டாக்டராலும் இருப்புக் கட்ட முடியாது.

உங்கள் பக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் சொன்னாலும் பல வகுப்புகளில் நாற்பதைத் தாண்டுகிறது. எமிஸில், அதுதான் பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேட்டில், ஏற்றுவதற்கே நேரம் போதவில்லை என்று என் நாத்தனார் புலம்புவார், அவரும் ஆசிரியர்தான். இதில் இன்னொரு பதிவேடா என்று நீங்கள் பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் எழுதச் சொல்லவில்லை. டைரியில் மூன்றாவது தரம் சிவப்பு மையால் எழுதக் கை போகும்போது, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும், ஆறு வாரம். அந்த டீச்சர் ஒரு பதிவுக்கு ஒரு வரிக்கு மேல் எழுதியதே இல்லை. எங்களோடு பேச அரை மணி நேரம் ஒதுக்குவதை ஏழு தரம் செய்தீர்கள், அதைவிட இது குறைவு.

நோட்டை வெளியே காட்டாதீர்கள். ஒரு பள்ளியில் இதைக் கேள்விப்பட்டு, கரும்பலகை ஓரத்தில் பெயர் எழுதிக் கோடு போட ஆரம்பித்தார்களாம். அது நோட்டு இல்லை, பழைய தண்டனைக்குப் புதுச் சட்டை.

பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு முறை சுகாதாரத் துறையின் ஆர்பிஎஸ்கே வண்டி வருகிறது. கண், காது, பல், ரத்தசோகை, வளர்ச்சிக் குறைபாடு என்று பார்க்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் அவர்கள் வருகிற அந்த ஒரு காலையில் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்துவிட்டால் அவர்களுக்கு என்ன தெரியும்? அப்போது உங்கள் கையில் அந்த நோட்டு இருந்தால் நீங்கள் காட்டலாம். வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, ஜன்னலுக்கு வெளியே போடுகிறதா என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளை பத்து மணிக்கே சுள்ளென்று விழும். 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் படிப்புக்காக என்று சொல்கிறார்கள். கோபத்துக்கும் அது மருந்துதான் என்பது என் கட்சி.

வெடிக்கிற அந்த நேரத்தில் என்ன செய்வது என்று உளவியலாளர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையும் எழுதிவிடுகிறேன். குரலை இறக்க வேண்டும். சொற்களைக் குறைக்க வேண்டும். “ஏன் இப்படிப் பண்ற?” என்ற கேள்வியை அப்போது கேட்கவே கூடாது, பதில் அந்தப் பிள்ளைக்கே தெரியாது. மற்ற பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்து, உடைகிற பொருளை அப்புறப்படுத்திவிட்டு, “நான் இங்கதான் இருக்கேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பேச்சு, விசாரணை, மன்னிப்பு எல்லாம் அடங்கின பிறகு. கோபத்துக்கு இடம் கொடுப்பது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கிழித்த புத்தகத்தை அவளே உட்கார்ந்து ஒட்டினாள். மறுநாள் ஒட்டினாள், அன்றைக்கே இல்லை.

வரிசை வாசிப்பு விஷயத்தில் தற்காலிக டீச்சர் செய்தது சின்ன மாற்றம். முந்தின நாளே அவளுக்கு எந்தப் பத்தி என்று சொல்லிவிடுவார்கள், அதுவும் மூன்றே வரி. நாங்கள் ராத்திரி அதை நான்கு தரம் வாசிப்போம். முறை வருவதற்கு முன் அவளைப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துவர அனுப்புவார்கள், திரும்பி வந்து வாசிக்க வேண்டும். தப்பிக்கும் வழி அடைபட்டது, ஆனால் மூச்சு விட ஓர் இடைவெளி கிடைத்தது. அதற்கு அடுத்த ஆறு வாரத்தில் பதிவுகள் 5. அதில் வாசிப்பு நேரத்தில் 1. மாத்திரை தொடங்கவில்லை, பேச்சு சிகிச்சையும் எங்களுக்கான பயிற்சியும்தான். வேறு பிள்ளைக்கு மாத்திரை தேவைப்படலாம், அது டாக்டர் முடிவு. கற்றல் குறைபாடு 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. சில ஆசிரியர்களுக்கே தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம்கூட ஒரு நாள் ஜாமெட்ரி பாக்ஸ் பறந்தது. பத்து நிமிஷத்தில் முடிந்தது. சிரிப்பு திரும்பி வந்திருக்கிறது.

இன்னும் ஒன்று, இது நோட்டில் எழுதுகிற விஷயம் இல்லை. ஒரு பிள்ளை “செத்துப் போயிடுவேன்” என்றோ “நான் இல்லாம இருந்தா நல்லது” என்றோ சொன்னால், கையைக் கீறிக்கொண்டு வந்தால், ‘நாடகம்’ என்று ஒதுக்காதீர்கள். ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிடுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ் எண் 14416, இரவு பகலாகத் தமிழில் பேசுகிறார்கள். வீட்டிலேயே யாரோ பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று தோன்றினால் பெற்றோரிடம் போகாமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றபடி நான் கேட்பது கோடு போட்ட ஒரு நோட்டு. டைரியில் ‘கோபப்படுகிறாள்’ என்று எழுதுகிற அதே சிவப்புப் பேனாவால் “11.40, வாசிக்கச் சொன்னபோது” என்று எழுதினால்கூடப் போதும். மீதியை நாங்கள் எடுத்துக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா,
திருச்சி.

பி.கு.: அந்தத் தற்காலிக டீச்சர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விடுப்பு முடிந்து பழைய வகுப்பாசிரியர் திரும்பி வந்தபோது, நோட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நிற்க வைக்கவில்லை, நாற்காலி போட்டார்கள். முழுக்கப் படித்துவிட்டு, தன் வகுப்பில் இன்னொரு பையனுக்கும் இதே மாதிரி கோடு போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். சாயங்காலமே போட்டுக் கொடுத்தேன்.